ஓட்டத்தை முடித்த எரிக் லிடல்



எரிக் லிடல் என்ற பெயரைக் கேட்டதும் நம்ம ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உடனே கையைத் தூக்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று சொன்ன ஓட்டக்காரர், ஒலிம்பிக்கில் தங்கம் ஜெயித்தவர் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். பாடப் புத்தகங்களும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகின்றன. மெடலைக் கழுத்தில் போட்டுவிட்டால் கதை முடிந்தது! ஆனால் அந்த மெடலுக்குப் பிறகும் அவர் இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்தார். ஒரு மனைவிக்குப் புருஷனாக, மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பனாக வாழ்ந்தார். 43-ஆம் வயதில், குடும்பம் பக்கத்தில் இல்லாமல், மூளையில் வளர்ந்த கட்டியினால் மரித்தார். இந்த இதழில் அந்தப் பாகத்தைத்தான் எழுத விரும்புகிறேன். ஏன் என்பதைப் போகப்போகச் சொல்லுகிறேன்.

எரிக் பிறந்தது சீன தேசத்திலுள்ள தியன்ஜின் பட்டணத்தில், 1902 ஜனவரி 16-ஆம் தேதி. தாய் தகப்பன் இருவரும் ஸ்காட்லாந்துக்காரர், லண்டன் மிஷனெரி சங்கத்தின் ஊழியர்கள். நம்முடைய நாகர்கோவில், நெய்யூர் பக்கத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டின அதே எல்.எம்.எஸ். சங்கம்தான். எரிக்குக்கு ஆறு வயதாயிருக்கையில், எட்டு வயது அண்ணன் ராபர்ட்டோடு சேர்த்து, இங்கிலாந்தில் மிஷனெரிகளின் ஆண்பிள்ளைகளுக்காக நடந்த ஒரு போர்டிங் பள்ளியில் விட்டார்கள். தகப்பன் சீனாவுக்குத் திரும்பினார்; கொஞ்ச காலத்தில் தாயும் போய்விட்டார். அப்புறம் வருஷக்கணக்கில் கடிதம்தான். அந்தக் காலத்து மிஷனெரிப் பிள்ளைகளில் அநேகர் இப்படித்தான் வளர்ந்தார்கள். அது சரியா தப்பா என்று இப்போது உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு மனதில்லை. ஆனால் ஆறு வயதுப் பையனுக்கு அம்மாவைப் பிரிவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் அது எங்கே உதவினது என்று பார்ப்போம்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்தார். ரக்பி ஆட்டத்தில் ஸ்காட்லாந்து தேச அணிக்காக ஏழு தடவை ஆடினார். 1923-ல் 100 கெஜ ஓட்டத்தை 9.7 விநாடியில் ஓடினார். அந்தப் பிரிட்டிஷ் சாதனை 35 வருஷம் நின்றது. அதே வருஷம் சாட்சி சொல்லவும் ஆரம்பித்தார். சுபாவத்தில் கூச்சக்காரர், பெரிய பேச்சாளரும் இல்லை. ஆனாலும் இந்த ஓட்டக்காரப் பையன் என்ன சொல்லுகிறான் என்று கேட்கவே ஜனங்கள் கூடினார்கள்.

1924 பாரிஸ் ஒலிம்பிக் உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகவே சொல்லுகிறேன். அவருடைய ஓட்டம் 100 மீட்டர். அதன் முதல் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. கர்த்தருடைய நாளில் ஓடுவதில்லை என்று விலகிக்கொண்டார். சினிமாவில் அவர் கப்பல் ஏறும்போதுதான் அந்தத் தேதி தெரிய வந்ததாகக் காட்டுவார்கள். உண்மை அப்படியல்ல, பல மாதங்களுக்கு முன்பே தெரியும். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. திடீரென்று வந்த வைராக்கியத்தில் ஒரு நாள் இல்லை என்று சொல்லிவிடலாம். மாதக்கணக்கில், தேசமே குறை சொல்லும்போது, யாரையும் எதிர்த்துப் பேசாமல் அந்த முடிவிலேயே நிற்பது வேற. அந்த மாதங்களை அவர் வீணாக்கவுமில்லை, 400 மீட்டருக்குப் பழகினார். அந்த ஞாயிற்றுக்கிழமை பாரிஸிலுள்ள ஸ்காட்லாந்து சபையில் பேசினார். 200 மீட்டரில் வெண்கலம் கிடைத்தது. ஜூலை 11 அன்று, 400 மீட்டர் இறுதி ஓட்டத்தில், கடைசி வெளிவளைவுப் பாதை அவருக்கு விழுந்தது. முன்னே ஓடுகிற யாரையும் பார்த்து வேகத்தைக் கணக்குப் போட முடியாது. அன்றைக்கு ஒருவர் அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்திருந்தார். 1 சாமுவேல் 2:30-ஐ நினைப்பூட்டுகிற வரி அதில் இருந்தது. வசனத்தை எடுத்து வாசித்துக்கொள்ளுங்கள். 47.6 விநாடியில் ஓடி முடித்தார், ஒலிம்பிக் சாதனை!

நம்ம சபையிலே பாதிப் பேருக்கு மேல் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை. சுங்குவார்சத்திரத்திலும் படப்பையிலும் நாலு பேராக ரூம் எடுத்துத் தங்கி, ஏ ஷிப்டு, பி ஷிப்டு, சி ஷிப்டு என்று கம்பெனி பஸ் ஏறுகிற தம்பிகளுக்கு, ஞாயிறு ஓ.டி. என்ற வார்த்தை எவ்வளவு பாரமானது என்று நானும் அறிவேன். ஒரகடத்தில் மெயின்டனன்ஸ் வேலையில் இருப்பவன் நான். லைன் நின்றால் கிழமை பார்க்காமல் போன் வரும். காண்டிராக்டில் இருக்கிற பையன் வரமாட்டேன் என்றால் மறுநாள் அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். ஆகையால் எரிக் லிடலைக் காட்டி யாரையும் குற்றவாளியாக நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவரே அப்படி நிறுத்தவில்லை. அதற்கு ஒரு சம்பவம் பின்னால் வருகிறது.

1925-ல், புகழின் உச்சியில் இருக்கும்போது, சீனாவுக்குப் புறப்பட்டார். தாம் பிறந்த அதே தியன்ஜினில், ஆங்கிலோ-சைனீஸ் கல்லூரியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தார். பையன்களோடு விளையாடினார், வேத வகுப்பு நடத்தினார். ஒரு தடவை ஸ்காட்லாந்துக்கு விடுப்பில் போயிருந்தபோது, 1932-ல், போதகராக அபிஷேகம்பண்ணப்பட்டார்.

அங்கே கனடா நாட்டு மிஷனெரிக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் மகள் ஃப்ளோரன்ஸ் மெக்கென்சி. எரிக்கைவிடப் பத்து வயது சிறியவள். நிச்சயம் ஆன பிறகும், அவள் கனடாவுக்குப் போய் நர்ஸிங் படிப்பை முடித்து வரும்வரை எரிக் வருஷக்கணக்கில் காத்திருந்தார். நம்ம பெண் பிள்ளைகளைப் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்க அவசரப்படுகிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்! அந்த நர்ஸிங் படிப்புதான் பிற்காலத்தில் அந்த வீட்டுக்கு அடுப்பெரியக் காரணமாயிற்று. 1934 மார்ச் 27-ஆம் தேதி தியன்ஜினில் விவாகம். மாப்பிள்ளைக்கு 32, பெண்ணுக்கு 22. 1935-ல் பட்ரிசியா பிறந்தாள், 1937-ல் ஹெதர்.

அந்த 1937-ல்தான் ஜப்பான் சேனை சீனாவுக்குள் பெரிய யுத்தமாக இறங்கினது. அதே வருஷம் சங்கம் எரிக்கைச் சியாவ்சாங் என்ற கிராமப்புற மிஷனுக்குப் போகச் சொன்னது. அண்ணன் ராபர்ட் அங்கே டாக்டர். ஒரு பக்கம் ஜப்பான் ராணுவம், மறு பக்கம் சீனப் போராளிகள், நடுவில் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போகிற ஒரு போதகர். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. அவர்கள் தியன்ஜினிலேயே இருந்தார்கள். அவர் வந்து வந்து போனார். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலியிலும் தர்மபுரியிலும் குடும்பத்தை விட்டுவிட்டு, இங்கே ஆஸ்டலில் கிடந்து, தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் பஸ் ஏறுகிற தகப்பன்மார் எத்தனை பேர் நமக்குள்ளே!

1939-ல் ஒரு சம்பவம். பாழடைந்த ஒரு கோவிலில், சுடப்பட்ட ஒரு மனிதன் நாட்கணக்காய்க் கிடந்தான். ராணுவத்துக்குப் பயந்து யாரும் அவனை வீட்டில் சேர்க்கவில்லை. எரிக் ஒரு வண்டிக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் அவனை ஏற்றினார். வழியில் இன்னொருவன். ராணுவத்தார் வாளால் கழுத்தில் வெட்டிச் செத்தான் என்று விட்டுப்போனவன், உயிர் இருந்தது. இருவரையும் அந்தச் சின்ன வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். முதலாமவன் பிழைக்கவில்லை. கழுத்து வெட்டுப்பட்டவன் பிழைத்தான். அவன் ஒரு ஓவியக்காரன். நன்றியாகப் பூக்கள் வரைந்து கொடுத்தான்.

1941-ல் நிலைமை முற்றினது. ஃப்ளோரன்ஸ் மூன்றாம் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். இருவரும் ஜெபித்து, தாயும் பிள்ளைகளும் கனடாவுக்குப் போகட்டும், எரிக் கொஞ்ச நாள் கழித்து வரட்டும் என்று தீர்மானித்தார்கள். மே மாதம் அவர்களைக் கப்பலில் அனுப்பிவைத்தார். பட்ரிசியாவுக்கு ஆறு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தகப்பன் போர்டிங்கில் விடப்பட்ட அதே வயது பாருங்க. செப்டம்பரில் டொரன்டோவில் மோரீன் பிறந்தாள். செய்தி மட்டும் வந்து சேர்ந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தை எரிக் ஒரு நாளும் நேரில் பார்க்கவில்லை.

அந்த டிசம்பரில் ஜப்பானோடு பிரிட்டனும் அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்க, வழி அடைபட்டது. 1943 மார்ச்சில் அவரையும் மற்ற வெளிநாட்டாரையும் வெய்ஷியன் என்ற இடத்துச் சிறைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். பழைய மிஷனெரி வளாகம் ஒன்றுதான் அந்த முகாம். சுற்றிலும் மதில், கோபுரத்தில் காவல், உள்ளே ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல். நிலக்கரி சுமப்பது, தண்ணீர் இறைப்பது, கக்கூஸ் கழுவுவது எல்லாம் கைதிகளே செய்ய வேண்டும். வீட்டுக்குக் கடிதம் என்றால் செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில் 25 வார்த்தை. மூன்று பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் சேர்த்து 25 வார்த்தை! நாம் இன்றைக்கு வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்துக்கே அதைவிட அதிகம் எழுதுகிறோம்.

முகாமில் தாய் தகப்பனில்லாத பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். சீஃபூ என்ற மிஷனெரிப் பள்ளியை அப்படியே கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். பெற்றோர் சீனாவின் வேறே பக்கங்களில் ஊழியத்தில். எரிக் அந்தப் பிள்ளைகளுக்கு அங்கிள் ஆனார். ஆறு வயதில் தானும் அந்த இடத்தில் நின்றவரல்லவா? பரிசோதனைக் கருவி ஒன்றும் இல்லாமல் ரசாயனப் பாடம் நடத்த, கருவிகளின் படத்தையெல்லாம் கையால் வரைந்து நோட்டுப் புத்தகம் செய்தார். உடைந்த ஹாக்கி மட்டைகளைப் படுக்கை விரிப்பைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். வயதானவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார். ஒழுக்கம் கெட்டவள் என்று எல்லாரும் ஒதுக்கின ஒரு ரஷ்யப் பெண்ணுக்கு அலமாரிப் பலகை அடித்துக் கொடுத்தார். பதிலுக்கு ஒன்றும் எதிர்பாராமல் தனக்கு உதவின முதல் ஆண் அவர்தான் என்று அந்தப் பெண் பிறகு சொன்னாளாம். விடியுமுன்னே எழுந்து, தன் அறையிலிருந்த ஒரு சகோதரனோடு கடலெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வேதம் வாசித்து ஜெபிப்பார். அதற்குப் பிறகுதான் நிலக்கரியும் தண்ணீரும்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சம்பவம். முகாமில் விளையாட்டுகளை நடத்தினது எரிக். ஞாயிறு மட்டும் விளையாட்டு கிடையாது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஞாயிறு, பெரியவர்கள் யாருமில்லாமல் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லை; ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு எரிக் தானே விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்தில் வந்து நின்றார். தன் விஷயத்தில் ஒரு தங்கப் பதக்கத்தையே ஞாயிற்றுக்கிழமைக்காக விட்டவர்! பெற்றோரில்லாத பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்த நாளையும் கொடுத்தார். தனக்கு ஒரு அளவு, பலவீனருக்கு வேறொரு அளவு. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்பது என் எண்ணம்.

1944-ன் கடைசியில் அவருக்குக் கடுமையான தலைவலி வர ஆரம்பித்தது. வேகமாய் நடக்கிற மனுஷன் மெதுவாக நடந்தார். வெளிச்சமும் சத்தமும் தாங்கவில்லை. எப்போதும் சிரித்த முகம் வாடினது, மனச்சோர்வு பிடித்துக்கொண்டது. 1945 ஜனவரியில் காய்ச்சலும் சைனஸும் சேர்ந்துகொண்டது. முகாம் ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர்கள் இருந்தார்கள், தலைக்குள்ளே பார்க்கும் வசதிதான் இல்லை. அதிக வேலையினால் நரம்புத் தளர்ச்சி, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் குறை சொல்ல முடியாது. அவர் செய்த வேலைக்கு எந்த மனுஷனும் தளர்ந்துதான் போவான்.

என்னை மிகவும் தொட்ட பாகம் இதுதான். சியாவ்சாங்கில் அவரோடு ஊழியம் செய்த ஆன்னி புக்கன் என்ற நர்ஸ் அம்மாவும் அந்த முகாமில் இருந்தார். எரிக் அவரிடத்தில் தன் துக்கத்தைச் சொல்லியிருக்கிறார். வேதனையைக் குறித்து அவர் புலம்பவில்லை. எல்லாப் பாரத்தையும் கர்த்தர்மேல் வைத்துவிட்டிருக்க வேண்டிய நான் இப்படி உடைந்துபோய்விட்டேனே என்பதுதான் அவருக்கு வருத்தம். அதாவது, தன் விசுவாசத்தில் குறை வந்துவிட்டது என்று அந்தப் பரிசுத்தவான் நினைத்தார்! அவர் மரித்த பிறகு டாக்டர்கள் உடலைப் பரிசோதித்தார்கள். மூளையின் இடப்பக்கத்தில் கட்டி. இரத்தக் கசிவும் ஆகியிருந்தது. தலைவலிக்கும் அந்தச் சோர்வுக்கும் பின்னால் இருந்தது அந்தக் கட்டிதான். அவர் விசுவாசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது மற்றவர்களுக்குத் தெரிய வந்தது. அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

தேவ ஜனமே, இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், நம்ம சபையிலும் ஒரு தம்பியை இதே வியாதியில் இழந்தோம். பெயர் வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். பிரஸ் ஷாப்பில் வேலை. கிடார் வாசிப்பான். சின்னப் பிள்ளைகள் இரண்டு. கடைசி மாதங்களில் அவன் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சில நேரம் மனைவிமேல் எரிந்து விழுந்தான். நாம் உபவாசித்து ஜெபித்தோம், கண்ணீரோடு ஜெபித்தோம். கர்த்தர் அவனை எடுத்துக்கொண்டார். அடக்கம் முடிந்த வாரத்திலேயே அந்தச் சகோதரியின் காதில் விழும்படி சில பேச்சுகள் வந்தன. வீட்டில் என்ன மறைவான பாவமோ, விசுவாசம் போதவில்லையோ, ஜெபத்தில் உறுதியாய் நின்றிருந்தால் சுகமாகியிருக்குமே என்று. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற ஒருத்தி இதையும் சுமக்க வேண்டுமா? யோபுவின் சிநேகிதர்கள்கூட முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே!

கர்த்தர் சுகமாக்குகிறவர். அதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன், மறுதலிக்கமாட்டேன். ஆனால் அதே வேதத்தில்தான், பவுல் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தான். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொல்லி எழுதினான். இரட்டிப்பான வரம் பெற்ற எலிசா வியாதியாய்க் கிடந்துதான் மரித்தான். எலியா சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று கேட்டபோது, தூதன் வந்து திட்டவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, தழலில் சுட்ட அடையைக் கொடுத்தான். இவர்களில் யாருக்கு விசுவாசம் குறைவு?

கொஞ்சம் வியாதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூளைக்கட்டி மனதைப் பாதிக்கும். கட்டி எந்த இடத்தில் அழுத்துகிறதோ அதைப் பொறுத்து கோபம், சோர்வு, மறதி, குணமாற்றம் வரும். வெளியே பார்க்கிறவர்களுக்கு ஆள் மாறிவிட்டான் என்று தோன்றும். விடாத தலைவலி, அதுவும் காலையில் அதிகமாகி வாந்தியோடு வந்தால், திடீரென்று வலிப்பு வந்தால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், ஷிப்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். எரிக் மரித்தபோது தலைக்குள் படம் எடுக்கிற ஸ்கேன் உலகத்திலேயே இல்லை; மனிதர் தலையில் முதல் சி.டி. ஸ்கேன் எடுத்தது 1971-ல், லண்டனில். நம்ம நாட்டில் மூளை அறுவை சிகிச்சைக்கு முதல் பிரிவை டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கினது 1949-ல், எரிக் போய் நாலு வருஷத்துக்குப் பிறகு. இன்றைக்கு நமக்கு எத்தனை வாசல் திறந்திருக்கிறது! ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூரு ரோட்டில் காஞ்சிபுரம் போகிற வழியில், காரப்பேட்டையில், அறிஞர் அண்ணா பெயரில் அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரியே இருக்கிறது. அண்ணாவும் 1969-ல் புற்றுநோயில்தான் மரித்தார். அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கின ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்த அம்மாவின் சொந்தத் தங்கை இந்த வியாதியில் போனதுதான் அதற்கு வித்து. கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. கார்டு வைத்திருப்பவர்கள் அதைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம். மருந்தே தொடக் கூடாது என்று போதிக்கிற சபைகளும் உண்டு. அவர்களோடு வழக்காட நான் வரவில்லை. நம்ம பாஸ்டர் ஐயா ஜெபித்து எண்ணெய் பூசிவிட்டு, தானே ஆட்டோ கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும்.

எரிக்கிடம் திரும்புவோம். சாவதற்கு ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு முன், ஸ்டீபன் மெட்காஃப் என்ற பையனிடம் தன் ஓட்டச் செருப்பைக் கொடுத்தார். தைத்துத் தைத்து, கயிறு சுற்றின பழைய ஷூ. குளிர்காலம், பையனுடையது கிழிந்து போயிருந்தது. சத்துருக்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்று முகாமில் எரிக் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர்களைக் காவல் காத்த ஜப்பானியருக்காகத்தான்! அந்தப் பையன் வளர்ந்து 1952-ல் ஜப்பானுக்கே மிஷனெரியாகப் போனான்.

பிப்ரவரியில் எரிக் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போது, இரட்சணிய சேனையின் வாத்தியக் குழு ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்று வாசித்தது. தனக்குப் பிரியமான, அமர்ந்திருக்க ஆத்துமாவுக்குச் சொல்லுகிற ஞானப்பாட்டை வாசிக்கக் கேட்டுக்கொண்டார். பிப்ரவரி 21, புதன்கிழமை, ஃப்ளோரன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிகமாய் வேலை செய்துவிட்டேன், லேசான நரம்புத் தளர்ச்சி, ஆஸ்பத்திரியில் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள், வேலையை மாற்றிக்கொண்டு ரொட்டி சுடும் இடத்துக்குப் போகலாம் என்கிறார்கள் என்ற தோரணையில் எழுதி, பிள்ளைகளுக்கு அன்பு சொல்லி முடித்தார். மனைவியைப் பயமுறுத்தக் கூடாது என்று எழுதினாரா, அவரே அப்படித்தான் நம்பினாரா, யார் சொல்ல முடியும்? அன்று சாயங்காலமே இழுப்பு வந்தது. ஆன்னி புக்கன் அம்மா பக்கத்தில் இருந்தார். முழுவதுமாய் ஒப்புக்கொடுத்தல் என்பதைப் பற்றி அவரிடம் ஏதோ சொல்லி, நினைவிழந்தார். அன்று இரவே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முகாம் விடுதலையானது அதற்கு ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட் 17-ஆம் தேதி.

24-ஆம் தேதி அடக்கம். கடுங்குளிரில் முகாமே வந்தது. சீஃபூ பள்ளிப் பிள்ளைகள் இருபுறமும் அணிவகுத்து நின்றார்கள். ஒரு மரச் சிலுவை நட்டு, பெயிண்ட் கிடைக்காததால் ஷூ பாலிஷைக் கொண்டு அவர் பெயரை எழுதினார்கள்.

யுத்தக் காலத்தில் செய்தி நகர்வது அவ்வளவு மெதுவு. டொரன்டோவில் ஃப்ளோரன்ஸுக்கு மே 2-ஆம் தேதிதான் தெரிய வந்தது. எழுபது நாள்! ஐரோப்பாவில் யுத்தம் முடியப் போகிறது, இனிமேல் எரிக் வந்துவிடுவார் என்று எண்ணத் தொடங்கியிருந்த வேளை. பட்ரிசியாவுக்கு ஒன்பது வயது, ஹெதருக்கு எட்டு, மோரீனுக்கு மூன்று. அந்தக் கடைசி நாள் கடிதம் பின்னாளில் கைக்கு வந்தது. முன்பு எரிக் காத்திருந்து படிக்க வைத்த அந்த நர்ஸிங் படிப்பைக் கொண்டு வேலைக்குப் போய், ஃப்ளோரன்ஸ் மூன்று பெண்களையும் வளர்த்தாள். 1951-ல், மனைவியை இழந்த ஒருவரை மறுவிவாகம் செய்தாள். நாலாவதாக ஒரு மகளும் பிறந்தாள். 1981-ல் எரிக்கின் ஓட்டத்தைப் பற்றி எடுத்த சினிமா உலகமெங்கும் ஓடினது. 1984-ல் ஃப்ளோரன்ஸ் அம்மா காலமானார். அந்தச் சிறைமுகாம் இருந்த இடத்தில், எடின்பரோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து கருங்கல் கொண்டுபோய் எரிக்குக்கு நினைவுக்கல் நட்டது 1991-ல்.